நம் கரைப் பிள்ளைகளுக்கு நாமே எழுதும் பாடம்
(திருகோணமலையில் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

போதகர் ஐயா அவர்களே, ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களே, பெற்றோரே, வணக்கம்.

வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் வேதாகமப் பாடசாலை நடத்துவதென்று முடிவாகிவிட்டது. எதைப் படிப்பிப்பது என்பதுதான் மிச்சம். இணையத்திலிருந்து ஒரு பாடத்திட்டத்தை இறக்கி, அச்சடித்து, மண்டபச் சுவரில் பனிமலையும் கரடியும் ஒட்டினால் வேலை சுலபம்தான். இந்த முறை அது வேண்டாம், நாமே எழுதுவோம் என்று கேட்கத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

இந்தப் பணி தொடங்கிய விதத்தைப் பாருங்கள். 1898இல் நியூயோர்க்கில் ஹோஸ் அம்மையார் என்பவர், குடியேறி வந்த ஏழைகளின் பிள்ளைகள் கோடை விடுமுறையில் தெருவில் அலைவதைக் கண்டார். பியர் விற்கும் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்தப் பிள்ளைகளைக் கூட்டிச் சேர்த்தார். தன் தெருவின் பிள்ளைகளைப் பார்த்துச் செய்தார். அவர் வழியில் நடப்பதென்றால் நாமும் நம் தெருவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

நம் பிள்ளைகளைச் சுற்றிக் கடல் இருக்கிறது. ஆகவே ஐந்து நாளுக்கு ஐந்து கதை என்று சிதறாமல் ஒரே கதையை எடுப்போம்: வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரம், 28இன் தொடக்கம். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படும் பவுலின் கப்பல் பயணம். பல பாடத்திட்டங்களில் இது கடைசி நாளின் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நமக்கு இது ஐந்து நாளும் காணாது.

அந்த அதிகாரத்தை நம் ஊர்ப் பிள்ளையாக வாசித்துப் பாருங்கள். யூதரின் உபவாச நாள் கழிந்துவிட்டது, இனிக் கப்பல் யாத்திரை மோசம் என்று பவுல் எச்சரிக்கிறார். அது செப்டெம்பர், ஒக்டோபர் அளவு. அதற்குப் பிறகு கடலை நம்பக்கூடாது என்பதை நிலாவெளியிலும் சல்லியிலும் வள்ளம் வைத்திருக்கிற வீட்டில் யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கப்பலை மோதிய யூரோக்கிலிதோன் வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. நம் வாடைக்காற்றும் அந்தத் திசைதான். கப்பலில் ஏற்றியிருந்ததோ கோதுமை. சீனக்குடா மாவாலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, அந்தக் கோதுமையைக் கடலில் கொட்டினார்கள் என்றால் எவ்வளவு பெரிய இழப்பு என்று விளங்கும்.

மூன்றாம் நாள் பாடம் என் மனதுக்கு மிக நெருக்கமானது. நடு இராத்திரியில், கரை கிட்டுகிறதோ என்று சந்தேகப்பட்ட கப்பலாட்கள் விழுதுவிட்டு, அதாவது நுனியில் பாரம் கட்டிய கயிற்றை இறக்கி, ஆழம் பார்க்கிறார்கள். இருபது பாகம். கொஞ்சம் போய்ப் பார்த்தால் பதினைந்து பாகம். இதைக் கைவேலையாகவே செய்யலாம். ஒவ்வொரு குழுவுக்கும் நீளமான நூல்கயிறும் நுனியில் கட்ட ஒரு சிறு கல்லும் கொடுங்கள். ஒரு பெரியவர் இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், சுமார் ஆறு அடி. பாகத்துக்கு ஒரு துணித்துண்டு முடிச்சுப் போடட்டும். பிறகு கோயில் வளவில் இருபது பாகத்தையும் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 36 மீற்றர் வரும். அதன் பக்கத்தில் பதினைந்து பாகக் கயிற்றையும் நீட்டினால், கடலடி எவ்வளவு உயர்ந்துவிட்டது, பாறை எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று பிள்ளை தன் கண்ணால் காண்பான். அப்போது வாசியுங்கள்: பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டு, எப்போது விடியுமோ என்றிருந்தார்கள். அந்த இடத்தில் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் கேட்பார்கள்.

மனனவசனத்துக்கு அம்பாவை எடுத்துக்கொள்வோம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுக்க, கயிற்றில் நிற்கிற அத்தனை பேரும் திருப்பிப் பாடி இழுக்கிற பாட்டு. சில கரைகளில் இயந்திரம் இழுக்கத் தொடங்கிவிட்டதால் அது நம் பிள்ளைகளின் காதுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது. கயிற்றின் இரண்டு பக்கமும் பிள்ளைகளை நிறுத்தி, வசனத்தை ஒரு அடியாகச் சொல்லி இழுக்க விடுங்கள். சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிற நம் இளைஞர்களிடம் மெட்டுக் கட்டும் பொறுப்பைக் கொடுத்தால் நன்றாகச் செய்வார்கள்.

இனி, மிகக் கவனமாகப் பேச வேண்டிய ஒரு விடயம். இது கடல் கொந்தளிக்கிற கதை. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் பிள்ளைகள் காணவில்லை. ஆனால் அம்மம்மாவின் படத்துக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் மெழுகுதிரி கொளுத்துகிற வீடுகளில் வளர்கிறார்கள். புயல் பாடம் எந்த நாளில் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். விளக்கை அணைத்து, அலைச் சத்தம் போட்டுப் பயமுறுத்தாதீர்கள். செபித்தவர்கள் தப்பினார்கள், மற்றவர்கள் போனார்கள் என்ற பொருள் படும்படி ஒரு வசனம்கூட வாயில் வரக்கூடாது. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். போர்ச்சேவகர், கைதிகள், படகைக் களவாக இறக்கித் தப்பப் பார்த்த கப்பலாட்கள், எல்லோரும் அதில் இருந்தார்கள். உன்னோடு யாத்திரை பண்ணுகிற யாவரையும் உனக்குத் தந்தேன் என்பதுதான் பவுலுக்குக் கிடைத்த வாக்கு. ஒருவரும் விடுபடவில்லை.

நம் வகுப்புக்கு அயல் வீட்டுச் சைவப் பிள்ளைகளும் வருவார்கள். சில வேளை முஸ்லிம் பிள்ளைகளும் சிநேகிதர்களோடு வருவார்கள். அவர்களின் பெற்றோரை வீட்டுக்குப் போய்க் கண்டு, என்ன படிப்பிக்கப் போகிறோம் என்று ஒளிக்காமல் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே சேர்ப்போம். கையைத் தூக்கு, முன்னுக்கு வா என்று ஒரு பிள்ளையையும் நெருக்கக்கூடாது. பவுல் அப்பத்தை எடுத்து எல்லோருக்கும் முன்பாக நன்றி சொல்லிச் சாப்பிடுகிற நாலாம் நாளில் கடலைச் சுண்டல், வாழைப்பழம், தேசிக்காய்த் தண்ணி போதும். எந்த வீட்டுப் பிள்ளையும் தயங்காமல் கை நீட்டலாம். கடைசி நாள், கப்பல் உடைந்து எல்லோரும் கரையேறிய மெலித்தா தீவு. மழையிலும் குளிரிலும் நனைந்து வந்தவர்களுக்கு நெருப்பு மூட்டியவர்கள் பவுலின் மார்க்கத்தார் அல்லர், அந்தத் தீவார். அயலவரின் அன்பைப் பெற்றுக்கொள்ளவும் நம் பிள்ளைகள் பழக வேண்டும். அதை இந்த ஊரில் படிப்பிக்காமல் எங்கே படிப்பிப்பது?

நேரம் காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரைக்கும் போதும். அதற்குப் பிறகு கச்சான் காற்றின் வெக்கையில் சின்னப் பிள்ளைகள் தாங்காது. ரியூசன் ஆசிரியர்களிடம் இப்போதே போய் அந்த ஐந்து காலையையும் கேட்டு வைப்போம். ஒரு வகுப்புக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதே மண்டபத்தில் 27ஆம் அதிகாரத்தை முழுமையாக உரத்து வாசித்துவிட்டு, யார் எந்த நாளை எழுதுவது என்று பிரித்துக்கொள்வோம். உங்கள் சொந்தத்திலோ அயலிலோ கரைவலை இழுத்துப் பழகிய பெரியவர் யாரும் இருந்தால் அவரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்பாவை அவரிடம்தான் கேட்டுப் பழக வேண்டும்.