தமிழ் மறவன் வேண்டுமா? நீரடிமுத்து மரத்தைத் தேடுங்கள்

[காட்சி: ஓடைக்கரை ஈரமண்ணில் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள்]

2019-ல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் இதுதான். பெயரில் தமிழ் இருக்கிறதே தவிர, ஊர் முழுக்கப் பறக்கிற பூச்சி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இலங்கைக் காடுகளிலும்தான் பெரும்பாலும் பார்க்கலாம். சென்னை வீட்டுத் தோட்டத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வந்தால், பெரும்பாலும் அது வெந்தய வரியன்.

[காட்சி: விரிந்த சிறகு, பிறகு மூடிய சிறகு]

சிறகு விரிந்தால் 60 முதல் 75 மில்லிமீட்டர். மேல்பக்கம் ஆரஞ்சு, ஓரம் கறுப்பு. மூடும்போது கவனியுங்கள்: வெளிறிய பழுப்பின் குறுக்கே வெள்ளிப் பட்டை. பலர் குரூசர் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் படமெடுத்து மறவன் என்று போடுகிறார்கள். குரூசர் பெரியது, பின்சிறகில் இரண்டு கண்புள்ளிகளும் சின்ன வால் போன்ற நீட்சியும் இருக்கும்.

[காட்சி: நீரடிமுத்து மரம், பழுப்பு நிறக் காய்]

இதன் புழுவுக்குச் சாப்பாடு ஹிட்னோகார்பஸ் இன மரங்கள். நம் பக்கம் நீரடிமுத்து, மலையாளத்தில் மரோட்டி. ஓடையோரம்தான் இதற்குப் பிடித்த இடம். காய் உருண்டை, ஓடு கட்டை மாதிரி கெட்டி. கேரளத்தில் அந்த ஓட்டை இரண்டாகப் பிளந்து எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவார்கள். டாப்சோன் என்ற மாத்திரை வரும்வரை இதன் விதை எண்ணெய்தான் தொழுநோய்க்கு மருந்து. காயை இடித்து ஓடையில் போட்டால் மீன் மயங்கும், அவ்வளவு நஞ்சு. சயனைடு வெளியிடும் வேதிப்பொருள் இந்த மரக் குடும்பத்தில் பரவலாக உண்டு. அதையே தின்று வளர்கிறது, உடம்பெல்லாம் முள் நிறைந்த மறவன் புழு.

[காட்சி: நாற்றங்கால்]

மரம் வளர்க்க நினைத்தால் காட்டில் பொறுக்காதீர்கள், நாற்றங்காலில் கேளுங்கள். விதை கிடைத்தால் சதையைக் கழுவிவிட்டு உடனே நிழலில் ஊன்றுங்கள். எண்ணெய் விதை; வெயிலில் காயவைத்து எடுத்துவைத்தால் கெட்டுப்போகும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஒற்றை மரம் காய்க்கவில்லையே என்று வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. புழு தின்பது இலையை. அதற்கு ஆண் மரமே போதும்.

காட்டிலிருந்து தள்ளி, சமவெளியில் நட்டால் மரம் பிழைக்கலாம். மறவன் வராது. காட்டோரத் தோட்டத்தில் வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சில வருடம் புழு மொய்த்து மரமே மொட்டையாகும். மருந்து தெளிக்காமல் விடுங்கள். மறுபடி துளிர்க்கும்.