பெரியதை விடும், சிறியதைத் தடுக்கும்: பொட்டாசியம் கால்வாய்

(திரையில்: செல் சவ்வின் குறுக்குவெட்டு)

சல்லடையில் மாவைச் சலித்தால் சிறியது கீழே விழும், பெரியது மேலே தங்கும். நம் செல்களின் சவ்வில் பதிந்திருக்கும் பொட்டாசியம் கால்வாய் என்னும் புரதமோ இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. பொட்டாசியம் அயனியின் ஆரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), சோடியத்தின் ஆரம் 0.95 மட்டுமே, இரண்டுக்கும் ஒரே அளவு நேர்மின்னேற்றம். இருந்தும், பெரிய பொட்டாசியம் நொடிக்குக் கோடிக்கணக்கில் கடந்து செல்ல, சிறிய சோடியம் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இதற்கான விடையை 1998-இல் அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னனின் குழு, புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ் கதிர்களால் அதன் வடிவத்தை அறியும் எக்ஸ் கதிர்ப் படிகவியலின் மூலம் கண்ணுக்கு முன் கொண்டுவந்தது. அவர்கள் ஆராய்ந்தது மனிதப் புரதத்தை அன்று. ஸ்ட்ரெப்டோமைசிஸ் லிவிடன்ஸ் என்னும் மண் பாக்டீரியாவின் கால்வாயை. 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் மெக்கின்னனுக்குப் பங்கு கிடைத்தது.

(திரையில்: நான்கு அலகுகள் ஒன்றுகூடி நடுவே துளை உருவாகிறது)

ஒரே மாதிரியான நான்கு புரத அலகுகள் வட்டமாகக் கூடி நிற்க, நடுவே துளை அமைகிறது. அதன் வெளிப்புற முனையில், வெறும் 12 ஆங்ஸ்ட்ராம் நீளத்தில், தேர்வு வடிகட்டி இருக்கிறது. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்; கால்வாயின் நுட்பம் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. நீரில் இருக்கும் பொட்டாசியத்தை நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கும். வடிகட்டிக்குள் நுழைய அது அந்த நீர்ப் போர்வையைக் கழற்றியாக வேண்டும். அப்போது வடிகட்டியின் சுவரிலிருந்து உள்நோக்கி நீளும் ஆக்சிஜன்கள், நீர் விட்டுச்சென்ற அதே இடங்களில் நின்று அயனியைத் தாங்கிக்கொள்வதால், இழப்பு ஈடாகிவிடுகிறது. சோடியத்துக்கு அந்த அணைப்பு தொளதொளவென்று இருக்கும். நீரை விட்டுவர அதற்கு ஆதாயமில்லை.

வடிகட்டி எல்லா வகைப் பொட்டாசியம் கால்வாய்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். திறப்பதும் மூடுவதும்தான் வகைக்கு வகை மாறுபடுகின்றன. நரம்புச் செல்களில், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்களால் நேர்மின்னேற்றம் பெற்ற ஒரு சுருள், சவ்வின் மின்னழுத்தம் மாறும்போது இடம்பெயர்ந்து கதவை இழுத்துத் திறக்கிறது.

(திரையில்: கணையத்தின் பீட்டா செல்)

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் கதவைக் கட்டுப்படுத்துவது, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு. உணவுக்குப் பின் செல்லுக்குள் குளுக்கோஸ் எரிந்து ஏடிபி பெருகும்போது, அது கால்வாயில் ஒட்டிக்கொண்டு அதை மூடுகிறது. பொட்டாசியம் வெளியேறுவது குறைய, சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே பாய்ந்து, இன்சுலின் சுரக்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வரும் குழந்தைகள் சிலரிடம், மரபணுப் பிறழ்வு ஒன்றினால் இந்தக் கால்வாய் ஏடிபிக்குச் செவிசாய்க்காமல் திறந்தே கிடப்பது 2004-இல் தெரியவந்தது. நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அதே கால்வாயை வேறோர் இடத்தில் பற்றி மூடுவதால், அக்குழந்தைகளில் பலருக்கு அன்றாட இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது.