முடிச்சுப் போட ஆள் போகத்தான் வேண்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்தும் கதிரை போட்டும் இந்தக் கோயில் முன்றிலில் இவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கிற பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"தூர ஊர்ச் சொந்தக்காரர் கலியாணத்துக்குப் போவது கம்பஸ் பிள்ளைக்கு இழப்பா, பேறா?" இதுதான் தலைப்பு. இழப்பு என்று பேச வந்த எதிரணித் தம்பி ஒரு உதாரணம் சொன்னார். கிளிநொச்சியில் பொறியியல் படிக்கிற ஒரு பிள்ளை, காலியில் யாரோ ஒரு உறவினர் கலியாணத்துக்கென்று இரவு முழுக்கப் பயணம் செய்து, லெக்சரைத் தவறவிட்டு, காசையும் கரைத்து, களைத்து விழுந்து வந்ததுதான் மிச்சம் என்றார். பெயர் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை நான்தான். அதனால் அந்தப் பயணத்தைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பரீட்சை நாளில் கலியாணம் என்றால் நான் போகமாட்டேன், வீட்டிலும் விடமாட்டார்கள். வரவு வீதம் குறைந்தால் பரீட்சை எழுத முடியாமல் போகும் என்பதும் எனக்குத் தெரியும். அதை யாரும் மறுக்கவில்லை. ஒரு லெக்சர், ஒரு செய்முறை வகுப்பு, அதற்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, கூட்டாளியிடம் நோட்ஸ் வாங்கி ஈடு செய்யலாம். ஈடு செய்யவே முடியாத ஒன்றைப் பற்றித்தான் நாங்கள் பேசவேண்டும்.

"யாரோ ஒரு உறவினர்" என்றாரே, அந்த யாரோ யார்? என் தாத்தாவுடைய அண்ணனின் பேரன். எனக்கு முறைக்கு அண்ணன். அவருக்குக் கூடப் பிறந்த அக்கா தங்கை யாரும் இல்லை. எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டு முடிச்சையும் மாப்பிள்ளையின் சகோதரிதான் போடவேண்டும். அந்தக் குடும்பத்தில் அந்த முறைக்கு இருக்கிற ஒரே பெண் பிள்ளை நான். பெரியப்பா போன் எடுத்து, "நீ வந்தால்தான் முடிச்சு விழும் மகள்" என்று சொன்னார். லைவ் வீடியோவில் பார்த்திருக்கலாமே என்று எதிரணியில் ஒருவர் சொன்னார். பார்த்திருக்கலாம். மணவறைக்குப் பின்னால் நின்று, மாலைக்குள் கையை விட்டு, மஞ்சள் ஈரம் விரலில் வழுக்க, பெண்ணின் கூந்தலை ஒருத்தி ஒதுக்கிப் பிடிக்க, மேளக்காரர் கெட்டிமேளத்தை நிறுத்தாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருக்க, அந்த இரண்டு முடிச்சையும் எந்த வீடியோ போட்டிருக்கும்?

கிளிநொச்சிக் குடும்பத்துக்குத் தெற்கில் எப்படி இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று சிலர் நினைக்கலாம். இங்கே இருக்கிற பல பேருக்கு அது நினைவிருக்கும். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் தோட்டங்களில் இருந்து அடிபட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அவருடைய அண்ணன் தெற்கில், மாத்தறை மாவட்டத்துத் தெனியாயப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒருவர் நாட்டின் அந்தக் கரையில், ஒருவர் இந்தக் கரையில். பிறகு யுத்தம் வந்து போக்குவரத்தே அறுந்துபோனது. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. 2013 செப்டம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பவும் ரயில் வந்தது. ஏ9 வீதி மூடப்பட்டது, 2002 இல் திறந்தது, 2006 இல் மறுபடியும் மூடப்பட்டது. கலியாணத்துக்கும் போகமுடியவில்லை, செத்தவீட்டுக்கும் போகமுடியவில்லை. தாத்தாவின் அண்ணன் இறந்த செய்தியே எங்களுக்கு மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்ததாம். பாதை இல்லாத காலத்தில் போகமுடியாமல் இருந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். இப்போது பாதை இருக்கிறது, ரயில் இருக்கிறது, நேரமில்லை என்று வீட்டில் இருந்துவிடுவதா?

கலியாண மண்டபத்தில் மொய் எழுதும் மேசையில் புது நோட்டோடு ஒரு பழைய நோட்டும் வைத்திருந்தார்கள். பெரியப்பாவின் சொந்தக் கலியாணத்து மொய் நோட்டு அது, 1982. யார் அன்றைக்குச் செய்தார்கள், யாருக்கு நாங்கள் திருப்பிச் செய்யவேண்டும் என்று பார்ப்பதற்காகக் கொண்டுவந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், அந்த நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவில், அட்டை கிழிந்து, பென்சில் கோடு போட்ட தாளில், நீல மையில், என் தாத்தாவின் பெயர், பக்கத்தில் கிளிநொச்சி, ரூபா 25. அந்தக் காலத்தில் கூலிக்கு வயல் வெட்டிக்கொண்டிருந்த மனிதர். இங்கிருந்து ரயில் ஏறி, கொழும்பில் மாறி, மாத்தறைக்குப் போய், அங்கிருந்து மலை ஏறிப்போய் அண்ணன் மகன் கலியாணத்தில் அந்தக் காசை எழுதியிருக்கிறார். எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அடையாள அட்டை, காணி உறுதி, படம், எல்லாம் 2009 இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகிற வழியில் விட்டதோடு சரி. நான் அவரைப் பார்த்ததும் இல்லை. அவர் இருந்தார், வந்தார், கொடுத்தார் என்பதற்கு நான் கண்ட ஒரே எழுத்து அந்த ஒரு வரிதான். அதைப் போனில் படம் எடுத்து வந்து அப்பாயியிடம், தாத்தாவின் மனைவியிடம் காட்டினேன். அவ அந்தப் போனை இரவு படுக்கும்வரைக்கும் திருப்பித் தரவில்லை. எந்த லெக்சரில் கிடைத்திருக்கும் இது, நடுவர் ஐயா?

அப்புறம், ஏன் மாணவி போகவேண்டும், அப்பா அம்மா போகலாமே என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி. இரணைமடுக் குளத்துத் தண்ணியை நம்பி வயல் செய்கிற வீடு எங்களுடையது. கலியாணம் வைத்த கிழமை சிறுபோகம் வெட்டுகிற கிழமை. வெட்டு மெசினுக்கு நாள் குறித்தபிறகு அப்பா வயலை விட்டு எங்கே போவது? மாடு கறக்கிற அம்மா ஓர் இரவு வெளியில் நிற்கமுடியாது. அப்பாயிக்குப் படி ஏறமுடியாது. அடுத்தது மொழி. அப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. கொழும்புக் கோட்டை ஸ்டேசனில் எந்த மேடையில் மாத்தறை ரயில் நிற்கும் என்று கேட்பதற்கே அவர் தயங்குவார். நான் எங்கள் கம்பஸ் இருக்கிற அறிவியல்நகரில் சிங்களப் பிள்ளைகளோடு ஒரே மேசையில் இருந்து அசைன்மென்ட் செய்து செய்து அந்த மொழியைக் கதைக்கப் பழகியவள். வன்னியில் பல வீடுகளில் இன்றைக்குக் குடும்பத்தின் சார்பில் தூரம் போய்வரக்கூடிய ஒரே ஆள் படிக்கிற பிள்ளைதான். அவளையும் புத்தகத்தோடு கட்டிப்போட்டால் அந்த வீட்டுக்கு வெளியில் ஆளே இல்லை.

இனிப் படிப்புக்கு வருகிறேன். எதிரணி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. அந்தப் பயணத்திலேயே நான் படித்ததைச் சொல்கிறேன். கொழும்பிலிருந்து காலிக்குப் போகிற ரயில் கடலை ஒட்டியே போகும், வலப்பக்க யன்னலில் இருந்தால் அலை காலடியில் அடிப்பது மாதிரி இருக்கும். ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் பெரலிய என்று ஓர் இடம். 2004 டிசம்பர் 26 அன்று அந்த இடத்தில்தான் ஒரு ரயிலைச் சுனாமி அடித்துப் புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா அந்த நினைவிடத்தைக் காட்டி, தன் தங்கை அந்த ரயிலில் இருந்தாள் என்றார். நான் முல்லைத்தீவைப் பற்றிச் சொன்னேன். அதே காலை எங்கள் கரையையும் அதே தண்ணி வாரிக்கொண்டு போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் பெரலிய என்பது அதுவரைக்கும் வெறும் பெயர்தான். காலி வரும்வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் கதைத்தோம்.

கலியாணத்துக்கு அடுத்த நாள் அண்ணன்மார் என்னைக் காலிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். 1588 இல் போர்த்துக்கேயர் தொடங்கி, பிறகு 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய மதில். சுனாமி அன்று வெளியில் காலி பஸ் நிலையம் தண்ணிக்குள் போனது, மதிலுக்கு உள்ளே பழைய நகரம் பெரும்பாலும் தப்பிவிட்டது. கடல் ஏறி இறங்குவதை வைத்தே கழிவைக் கழுவிவிடுகிற மாதிரி ஒல்லாந்தர் நிலத்துக்குக் கீழே வாய்க்கால் போட்டிருக்கிறார்கள். நான் சிவில் படிக்கிறவள். கரையோரப் பாதுகாப்பு, வடிகால் என்று கரும்பலகையில் பார்த்ததை அன்றைக்கு அந்த மதில்மேல் நடந்து பார்த்தேன். 1911 இல் அதே காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த ஒரு கல்வெட்டை ஒரு பொறியியலாளர்தான் கண்டெடுத்தார். சீனத் தளபதி செங் ஹோ நிறுத்திய கல், 1409 ஆம் ஆண்டுத் தேதி, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதியது, தமிழ்ப் பகுதி தெற்குக் கரைத் தெவிநுவரையில் இருந்த தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெற்குக் கரையில் 600 வருசத்துக்கு முன்னால் தமிழில் எழுதி வைக்கவேண்டிய தேவை இருந்திருக்கிறது என்பதை நான் அந்தக் கோட்டைக்குள் நின்று, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என் அண்ணன் வாயால்தான் முதலில் கேட்டேன். இதைப் படிப்பு இல்லை என்று யார் சொல்வது?

காசு விசயம். இதில் எதிரணி சொன்னதில் உண்மை இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பயணக்காசு, மொய், கையில் கொண்டுபோகிற சாமான், வயல் வீட்டுக்கு அது பாரம்தான். அதற்காகத்தான் வீட்டுக்கு ஒருவர் போனால் போதும் என்கிறேன். புதுச் சேலை வாங்கவில்லை, அம்மாவின் கூறைச் சேலையை உடுத்திக்கொண்டு போனேன். காசு இல்லாத வீடு ஆடம்பரத்தைக் குறைக்கட்டும், ஆளைக் குறைக்கவேண்டாம். தாத்தாவிடம் மட்டும் 1982 இல் காசு கொட்டியா கிடந்தது?

கடைசியாக, "படித்து முடித்து ஒரு வேலை எடுத்தபிறகு சொந்தங்களைப் பார்க்கலாமே" என்று சொன்னார்கள். யாரைப் பார்ப்பது? அந்த மண்டபத்தில் தாத்தாவைச் சின்ன வயதில் தெரிந்த ஒரு பாட்டி இருந்தா. தொண்ணூறு தாண்டியவ. என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, உன் தாத்தா காலை நொண்டி நடப்பாரே, அந்தக் காயம் தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது, அதுதான் கத்தரிக்கும்போது, கத்தி பட்டது என்று சொன்னா. எங்கள் வீட்டில் எல்லாரும் அதை வன்னிக்கு வந்தபிறகு காட்டில் பட்ட காயம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு வேலை கிடைக்கும்வரைக்கும் அந்தப் பாட்டி காத்திருப்பாவா?

மணி அடித்துவிட்டார்கள், ஒரு செய்தி மட்டும். அண்ணனும் அண்ணியும் வருகிற வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருகிறார்கள். பெரியப்பாவும் வருகிறார். அந்தக் கிளையில் இருந்து ஒருவர் வன்னி மண்ணை மிதிப்பது இதுதான் முதல் தடவை. அப்பா இப்போதே வளவுக்குள் ஓர் அறைக்குச் சீமெந்துக் கல் அரிந்துகொண்டிருக்கிறார். அன்றைக்கு எனக்கு லெக்சர் இருக்கிறது, நோட்ஸுக்கு ஆள் சொல்லிவைத்துவிட்டேன். நன்றி, வணக்கம்.