கல் இல்லாத ஊரும் கற்குவையும்

நேயர்களுக்கு வணக்கம். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்குக் கல் என்றால் வீட்டில் அம்மிக்கல், ஊரில் கோயில் கல். மற்றபடி எங்கே தோண்டினாலும் வண்டல்தான். அதனால்தானோ என்னவோ, சித்தன்னவாசல் பக்கம் கல்வட்டங்களை முதலில் பார்த்தபோது, யாரோ வேலிக்குப் போட்ட கல் என்று தாண்டிப் போய்விட்டேன்.

அது ஈமக்காடு. இரும்புக் காலத்து மக்கள் குழி வெட்டி, பலகைக் கல்லால் அறை கட்டி, எலும்பு, கறுப்புச் சிவப்புப் பானை, இரும்புக் கருவி எல்லாம் வைத்து மூடி, மேலே கல்லைக் குவித்திருக்கிறார்கள். எலும்பு எந்தப் பக்கம், பானை எந்தப் பக்கம் என்ற அந்த அடுக்குதான் செய்தியே. ஆனால் பார்வைக்கு வெறும் கற்குவியல். ஜல்லிக்கு ஆகும் என்று லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

சரி, கல்லே இல்லாத நம் டெல்டாவில்? களிமண் இருக்கிறதே, இறந்தவரை வைக்கத் தாழி என்ற பெரிய பானையை வனைந்தார்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டைக் காட்டும் மணிமேகலை, பிணத்தைத் தாழியில் கவிப்பதையும் சேர்த்து ஐந்து வழக்கங்களைச் சொல்கிறது. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், இவ்வளவு பெரியவனைக் கவிக்க எப்படித் தாழி வனைவாய் என்று குயவரைக் கேட்கிறார். புறநானூற்றில் 228ஆம் பாட்டு.

சட்டம் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. ஆனால் அரசு அறிவித்த இடத்துக்குத்தான் அந்தக் காவல். வயலுக்கடியில் கிடக்கும் தாழியை யார் அறிவிப்பது? அதை முதலில் பார்ப்பது ஜேசிபி ஓட்டுநர்தான்.

மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில், 2006இல் ஒரு பள்ளி ஆசிரியர் தோட்டத்தில் கன்று நடக் குழி வெட்டினார். கற்கோடரி கிடைத்தது. கல் இல்லாத ஊரில் கல்! அவர் அதைத் தொல்லியல் துறையின் பார்வைக்குக் கொண்டுபோனார். அதில் இருப்பவை சிந்துவெளிக் குறிகளா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். துணி துவைக்கப் போட்டிருந்தால் வாதமே இல்லை.

மேட்டூர் திறக்குமுன் தூர்வாருவீர்கள். வட்டமாகப் பானை விளிம்பு தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே இழுக்காமல் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். அப்புறம், உள்ளே தங்கம் இருக்குமா என்று கையை விட வேண்டாம். அனேகமாக எலும்புதான் இருக்கும். நன்றி, வணக்கம்.