செவ்வாயில் காணாமல் போன ஐஸ்கட்டி
(நூலக வார விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்கு இல்லாத பட்டத்தையும் சேர்த்து அறிமுகம் செய்த செயலாளர் அவர்களே, சால்வையோடு காத்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே, முன்வரிசைப் பிள்ளைகளே, வணக்கம்.

வேற்றுக் கோளில் தண்ணீரைக் கண்டுபிடிக்க மூன்று வழி சொல்கிறேன். வானத்திலிருந்து பார்ப்பது, இறங்கித் தோண்டுவது, மண்ணைச் சூடாக்கி ஆவியைச் சோதிப்பது. முதலாவது, 2002இல் செவ்வாயைச் சுற்றிவந்த மார்ஸ் ஒடிசி விண்கலம். செவ்வாயின் துருவப் பக்கம் மண்ணுக்கடியில், தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் மிகுந்திருப்பதாகக் காட்டியது. உடனே தண்ணீர் என்று தண்டோரா போடலாமா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்!

விசாரிக்கத்தான் 2008 மே 25 அன்று பீனிக்ஸ் என்ற விண்கலம் அங்கே இறங்கியது. அதற்குச் சக்கரம் கிடையாது. நின்ற இடத்திலேயே 2.35 மீட்டர் கையை நீட்டித் தோண்டியது. ஜூன் நடுவில், பள்ளத்தின் நிழல் மூலையில் பகடை அளவுக்குச் சில வெள்ளைக் கட்டிகள். உப்பா, ஐஸா? நாலு நாள் கழித்து எடுத்த படத்தில் கட்டிகளைக் காணோம். உப்பு எங்கே போகும்? அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஐஸ் உருகாமல் நேரே ஆவியாகிவிடும். பாடப்புத்தகத்தில் பதங்கமாதல் என்று படித்திருப்பீர்கள்.

எங்கள் அப்பத்தா அதைப் படித்ததில்லை. சாமி மாடத்து டப்பாவில் கற்பூரம் போட்டு, கூடவே நாலு மிளகும் போட்டு வைக்கும். ஒரு கோடையில் மூடியைச் சரியாகப் போடாமல் திருவிழாவுக்குப் போய்விட்டோம். பத்து நாள் கழித்துத் திறந்தால் மிளகு நாலும் இருக்கிறது, கற்பூரத்தைக் காணோம். வீட்டில் சின்னப் பையன் நான் ஒருவன்தானே! "எந்தக் கடையில்டா வித்தே?" என்று விளக்குமாறு வந்தது. அப்பத்தா தீர விசாரிக்கவில்லை. ஏழாம் வகுப்பில் வாத்தியார் கற்பூரத்தை எடையில் வைத்துக் காட்டிய அன்றுதான் வழக்கில் நான் விடுதலை.

அந்த எடையும் மேசையும் இருந்த அறை, நம் ஊர்ப் பள்ளியில் இன்று பூட்டிக் கிடக்கிறது. தேர்வு வந்தால் திறக்கிறார்கள், மறுநாள் பூட்டு. பீனிக்ஸ் மண்ணைச் சூடாக்கித் தண்ணீரை உறுதி செய்த கதை அடுத்து வரவேண்டும். செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார், சரி, விட்டுவிடுகிறேன். ஆய்வகத்தைத் திறக்கக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள், சுண்டல் அதற்கு அடுத்த மேசையில்.