இருட்டை மூட்டை கட்டிக்கொண்டு

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில், காசிமேட்டில் மீன் லாரிகளின் மேல் போர்த்திக் கயிறு போட்டு இறுக்குவார்களே, அந்தக் கறுப்புத் தார்ப்பாயைப் பற்றித்தான் இன்றைக்கு நிறையப் பேசப்போகிறேன். என்னை இங்கே கூப்பிட்டது சினிமாவைப் பற்றிப் பேச. எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுத்தோம். ஒன்றரை மணி நேரம் ஓடும். காசிமேட்டில் வலை செப்பனிடும் ஒரு பெரியவர், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் அவர் மகள், இவர்கள்தான் கதை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும். ஆட்கள் வேலையும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் எடுத்து முடித்தோம். படகுகளை அசைவே இல்லாமல் காட்டியதில் பெரிய கலை இருப்பதாகப் பின்னால் ஒரு பேராசிரியர் பாராட்டினார். படகு அசையாததற்கு அரசாங்க உத்தரவுதான் காரணம். நாங்கள் மறுத்துப் பேசவில்லை.

நான் அந்தப் படத்தில் எடிட்டிங் உதவியாளர். தியேட்டர் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மறுநாளே வேறு போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். சரி, கல்லூரி கல்லூரியாகப் போவோம் என்று கிளம்பினோம். ஒரு பழைய ஆம்னி வேன், இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு லேப்டாப், வாடகை புரொஜெக்டர், இரண்டு ஸ்பீக்கர். மொத்தம் 14 கல்லூரிகள்.

1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ராயபுரத்திலிருந்து கிளம்பி வாலாஜா ரோடு வரை போனது. நாங்களும் ராயபுரத்தில் கிளம்பி, வாலாஜாவைத் தாண்டி வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்குத்தான் முதலில் போனோம். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டுவதற்கு முன்னால் ஊரைத் தாண்டிவிடலாம் என்று விடியற்காலை நான்கு மணிக்கே கிளம்பியும் மாட்டிக்கொண்டோம்.

வேலூரில் எங்களுக்குக் கொடுத்த செமினார் ஹாலுக்குப் பதினோரு ஜன்னல். அதில் நான்குக்குத் திரைச்சீலை இருந்தது. வெயில் நேரே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. புரொஜெக்டருக்குக் கறுப்பு என்று ஒரு நிறம் கிடையாது. அதற்கு வெளிச்சம் போடத் தெரியும், போடாமல் இருக்கத் தெரியும், அவ்வளவுதான். கறுப்பாகத் தெரிய வேண்டிய இடத்தில் அது சும்மா இருக்கும். அந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் போய் விழுந்தால் கறுப்பு வெளுத்துவிடும். எங்கள் படத்தில் ஏழு நிமிடம் இரவுக் காட்சி. ஜூன் 14 ராத்திரி, தடை முடியப்போகிற நேரத்தில், படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார்கள். படத்தின் உயிரே அங்கேதான். வேலூரில் அந்த ஏழு நிமிடமும் திரை சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் மட்டும் பிரமாதமாகக் கேட்டது. “அக்கா, இது வானொலி நாடகமா?” என்று ஒரு பையன் கேட்டான். இங்கே உட்கார்ந்து இதைச் சொல்வதை நிலையத்தார் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

1905-இல் திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார். வண்டியில் போகும்போது அவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன், கொஞ்சம் பொறாமையோடுதான். அவர் பொழுது சாயட்டும் என்று காத்திருக்கலாம். மின்விளக்கு வராத ஊர்களில் இருட்டுக்கு என்ன பஞ்சம்? எங்களால் அது முடியாது. நான்கு மணிக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். உச்சி வெயிலில், இரண்டு மணிக்கு, நாங்களே இருட்டை உண்டாக்கியாக வேண்டும்.

அடுத்த வாரம் நீண்ட பயணம். கிளம்புவதற்கு முன்னால் காசிமேட்டில் எனக்குத் தெரிந்த ஐஸ் கம்பெனி அண்ணனிடம் போய் நான்கு தார்ப்பாய் இரவல் கேட்டேன். “மழைக்காலம் முடிஞ்சி போச்சே, இன்னாத்துக்கு?” என்றார். இருட்டுக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டேன். பினாயில் ஊற்றினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். பினாயில் வாசனை திண்டிவனத்தோடு போய்விட்டது. மீன் வாசனை கன்னியாகுமரி வரை வந்தது.

திருச்சியில் முதல்முறை கட்டினோம். ஹால் நன்றாக இருட்டியது. ஜன்னலில் வெயில் ஏறத் தார்ப்பாய் சூடாகி, பத்தே நிமிடத்தில் ஹால் முழுக்க மீன் மார்க்கெட். துறைத்தலைவர் கைக்குட்டையை மூக்கில் வைத்தவர் படம் முடியும் வரை எடுக்கவில்லை. படம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, வாசனையோடு படம் காட்டியது புது முயற்சி என்றாள். எங்கள் இயக்குநர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார். அதற்கு அடுத்த ஊரிலிருந்து அதை அவரே முன்னுரையில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கல்லூரிகளிடம் நாங்கள் எதிர்பார்த்தது பெட்ரோல் காசு. கிடைத்தது பொன்னாடை. தட்டேந்தி நின்றால் பிள்ளைகள் பத்தும் இருபதுமாகப் போடுவார்கள், அதில்தான் வண்டி ஓடியது. பொன்னாடை மட்டும் சேர்ந்துகொண்டே போனது. ஜன்னலுக்கு மேலே சின்னதாக வென்டிலேட்டர் இருக்கும் பாருங்கள், அதற்குத் தார்ப்பாய் எட்டாது. மதுரையில் ஒரு பொன்னாடையை எடுத்து ஆணி அடித்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அதற்கப்புறம் யார் பொன்னாடை போர்த்தினாலும் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அதே மதுரையில் ஒரு பையன் கேட்டான், “வடசென்னைன்னு சொல்றீங்க, ஒருத்தர்கூட அரிவாள் தூக்கலையே?” நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து 28 வருஷம் ஆகிறது, எங்கள் வீட்டு அருவாமனையைத் தவிர எதையும் பார்த்ததில்லை என்றேன். ஹாலே கைதட்டியது. கைதட்டலுக்காகச் சொன்ன பதில் அது. சண்டையைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஊரில் யார் வளர்கிறார்கள்? தெருச் சண்டையும் பார்த்திருக்கிறேன், அடுத்த நாள் காலையில் அதே இரண்டு பேர் தண்ணி லாரிக்கு ஒன்றாகக் குடம் போட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லியிருக்கலாம். வண்டியில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

திருநெல்வேலியில் கேள்வி கேட்டது, உவரி என்ற மீனவ ஊர்ப் பக்கத்துப் பெண். “அக்கா, அந்தத் தாத்தா கிழிஞ்ச இடத்தைச் சுத்தி வெட்டிச் சரி பண்ணாமலே பின்ன ஆரம்பிக்காரு. அப்படிப் பின்னினா கண்ணி நிக்காதே.” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வலை வேலையே தொழிலாக உள்ள மனிதர் அவர். கத்தியை எடுத்து, பிய்ந்த நூலையெல்லாம் பொறுமையாக வெட்டித்தான் பின்னினார். அந்த ஷாட் நீளமாக இருக்கிறது என்று எடிட்டிங்கில் தூக்கியது நான். அவர் வெட்டியதை நான் வெட்டிவிட்டேன். அன்று ராத்திரி அந்தக் கல்லூரி விடுதியிலேயே எனக்குப் படுக்கை. லேப்டாப்பைத் திறந்து அந்தப் பதினொரு வினாடியைத் திரும்பச் சேர்த்தேன். நாகர்கோவிலில் காட்டியது அந்தப் படம்தான்.

கடைசித் திரையிடல் எங்கள் ஊரிலேயே, தண்டையார்பேட்டையில். அங்கே அகஸ்தியா தியேட்டர் இருந்தது, 2020-இல் மூடிவிட்டார்கள். சின்ன வயதில் அம்மாவோடு மேட்னி ஷோவுக்குப் போவேன். வெளியே கண் கூசும் வெயில், கதவைத் தாண்டினால் ஒன்றும் தெரியாது, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சீட்டைத் தடவித் தடவிப் போவோம். அந்த மாதிரி ஓர் இருட்டு இன்றைக்காவது வேண்டும் என்று காலை ஒன்பது மணிக்கே கல்லூரிக்குப் போய்விட்டேன். நான்கு தார்ப்பாய், பதினோரு பொன்னாடை, கதவிடுக்குக்கு என் துப்பட்டா. விளக்கை அணைத்தால் என் கையே எனக்குத் தெரியவில்லை.

படத்தில் நடித்தவர்களும் வந்து கடைசி வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் வாசனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவுக் காட்சி வந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், “தே, அந்தத் தூணாண்ட நான் நிக்கிறேன் பாரு!” ஐஸ் கூடை தூக்குகிற அக்கா. எந்தத் தூண்? எட்டிப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால், இருட்டோடு இருட்டாக, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போகிறாள். அந்தக் காட்சியை நானே பல நூறு தடவை ஓட்டியிருப்பேன். ஒரு தடவையும் அவரைப் பார்க்கவில்லை.

மறுநாள் தார்ப்பாய்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் ஒன்றை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். ஆணி அடித்த ஓட்டை ஒவ்வொன்றிலும் வெளிச்சம். “இன்னா பாப்பா, சல்லடையாக் கீது?” என்றார். காசு தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“நம்ம கம்பெனியக் காமிச்சீங்களே, ராத்திரில எடுத்தது. எல்லா ஊர்லயும் தெரிஞ்சிதா?”

தண்டையார்பேட்டையில் தெரிந்தது அண்ணா என்றேன்.

நன்றி, வணக்கம்.