கொரோனாவ முன்னப்பின்ன பாக்காத உடம்பு அதை எப்படி கண்டுபிடிச்சுது?

ஒரு தம்பி கேட்டிருக்காரு, "சார், கொரோனா 2019க்கு முன்னாடி மனுஷங்ககிட்டயே கிடையாது, அப்ப அதுக்கு ஆன்டிபாடி செய்ய நம்ம உடம்பு எங்க கத்துக்கிச்சு?"ன்னு. ரெண்டு நாளா இது மண்டையில ஓடிட்டே இருக்கு. வழக்கமா எல்லாரும் என்ன சாப்பிட்டா இம்யூனிட்டி ஏறும்னுதான் கேப்பாங்க, அதனால எனக்கு ஒரே சந்தோஷம்.

கத்துக்கவே இல்ல தம்பி. அவ்ளோதான் பதில்.

நம்ம டெய்லர் கதை பழைய ஆளுங்களுக்கு தெரியும், புதுசா வந்தவங்களுக்காக மறுபடி சொல்றேன். உடம்பு கிருமிய பாத்து அளவெடுத்து அதுக்கேத்த சட்டை (அதான் ஆன்டிபாடி, கிருமிய பிடிக்கிற புரதம்) தைக்குதுன்னு நினைக்கிறோம்ல, லைனஸ் பாலிங், எவ்ளோ பெரிய கெமிஸ்ட், அவரே 1940ல கிட்டத்தட்ட அப்படித்தான் எழுதினாரு. தப்பு. உடம்பு டெய்லர் இல்லங்க, ரெடிமேட் கடை. யார் வரப்போறான்னே தெரியாம கண்ண மூடிக்கிட்டு கோடிக்கணக்குல சட்டை தச்சு மாட்டி வச்சிருக்கு. கிருமி வந்ததும் எந்த செல்லோட சட்டை அதுக்கு பொருந்துதோ அந்த செல் மட்டும் சரசரன்னு பெருகும். இத பர்னெட்ங்கற ஆஸ்திரேலியா விஞ்ஞானி 1957ல சொன்னாரு.

எங்க ஊர் டெய்லர்கிட்ட தீபாவளிக்கு குடுத்த துணி கார்த்திகைக்குதான் வந்துச்சு, எங்கப்பா பழைய சட்டையோடயே பட்டாசு வெடிச்சாரு... சரி அத விடுங்க. ரெடிமேடாவே இருந்தும் முதல் தடவ சரக்கு பெருகி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகுது, அதுக்குள்ள காய்ச்சல் நம்மள படுக்க வச்சிடுது.

இத்தனை டிசைனுக்கு ஜீன் ஏது, மொத்தமே 20,000 சொச்சம்தானேன்னு கேப்பீங்க. ஜப்பான்காரர் டொனேகாவா கண்டுபிடிச்சாரு: காலர் ஒரு குவியல், கை ஒரு குவியல், பட்டன் ஒரு குவியல்னு ஜீன் துண்டுதுண்டா கிடக்கு, ஒவ்வொரு பி செல்லும் (இந்த சட்டைய தைக்கிற வெள்ளை அணு) உருவாகும்போதே தன்னோட டிஎன்ஏவையே வெட்டி அதுல கைக்கு வந்தத எடுத்து ஒட்டிக்குது. 1987ல நோபல். அப்புறம் பெருகுறப்ப சின்னச்சின்ன ஆல்ட்ரேஷன் நடக்கும், அதுல இன்னும் கச்சிதமா பிடிக்கிறது நிக்கும்.

பொருந்துன சட்டையில கொஞ்சம் எடுத்தும் வச்சிடும். எவ்ளோ நாளைக்கு? 1846ல அட்லாண்டிக் கடல்ல இருக்குற ஃபாரோ தீவுகள்ல தட்டம்மை வந்துச்சு, 7,800 பேர் இருந்த இடத்துல 6,000 பேருக்கு மேல படுத்துட்டாங்க. டென்மார்க்ல இருந்து போன பானும்னு ஒரு சின்ன வயசு டாக்டர் வீடுவீடா விசாரிச்சாரு. அதுக்கு முன்னாடி அங்க தட்டம்மை வந்தது 1781ல. அப்ப வந்து தப்பிச்ச கிழடுகட்டைங்க ஒருத்தருக்குகூட இப்ப வரல! 65 வருஷம்ங்க. அப்ப வராம தப்பிச்ச கிழவங்களுக்கு இப்ப வந்துச்சு.

ஆனா தம்பி, நீங்க கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேற. கண்ண மூடிக்கிட்டு தச்சா நம்ம உடம்புக்கே பொருந்துற சட்டையும் வருமே? வரும், நிறைய வரும். அதுக்குதான் நெஞ்செலும்புக்கு பின்னாடி தைமஸ்னு ஒண்ணு இருக்கு, டி செல்லுன்னு இன்னொரு வகை வெள்ளை அணு இருக்கே, அதுங்களுக்கு அங்க பரீட்சை. நம்மளயே இறுக்கிப் பிடிக்கிறதுக்கும் சாவு, எதையும் பிடிக்கத் தெரியாததுக்கும் சாவு, நூத்துல நாலஞ்சு தேறுனா பெருசு. பி செல்லுக்கும் எலும்பு மஜ்ஜையில இதே மாதிரி ஒண்ணு உண்டு. ஏமாத்திட்டு வெளிய வந்த ஒண்ணு ரெண்டு, கணையத்துல இன்சுலின் சுரக்குற செல்ல போய் அடிச்சா அதுதான் டைப் 1 சர்க்கரை. அது பெரிய கதை, தனி வீடியோவுல பேசுவோம். அடுத்த கேள்வி யாரோடது?